மண்ணை எங்கே நிறுத்துவது: படிமட்டமா, புல்வரிசையா, தடுப்பணையா, தூர்வாருதலா?

நீலகிரியில் ஓடையை ஒட்டிக் காய்கறி நிலம் வைத்திருப்பவர்களிடமிருந்து ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் ஒரே கேள்வி வருகிறது. கையில் இருப்பது சிறு தொகை. மானியம் கிடைத்தாலும் ஏதாவது ஒரு வேலைக்குத்தான் அது போதும். சரிவைப் படிமட்டமாக, அதாவது படிப்படியான தட்டுகளாக, வெட்டுவதா, வெட்டாமல் புல்வரிசையும் இலைதழை மூடாக்கும் வைத்துச் சமாளிப்பதா, ஓடையில் தடுப்பணை கேட்டு மனு கொடுப்பதா? சமவெளியில் இருப்பவர்கள் நான்காவதாக ஒன்றைக் கேட்கிறார்கள்: மலையில் இத்தனை பாடு எதற்கு, கீழே அணையைத் தூர்வாரினால் போதாதா?

இந்த நான்கும் ஒரே வேலையை வெவ்வேறு செலவில் செய்பவை என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. மண் தோட்டத்திலிருந்து கிளம்பி ஓடை, ஆறு, அணை என்று போகும் பயணத்தில் ஒவ்வொன்றும் வேறோர் இடத்தில், வேறொரு வகைத் துகளை நிறுத்துகிறது. ஆகவே விலையைக் கேட்பதற்கு முன், எந்த மண்ணை எந்த இடத்தில் நிறுத்த விரும்புகிறோம் என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

எவற்றை வைத்து எடைபோடுவது

முதலாவது, துகளின் பருமன். மழைத்துளி அடித்த வேகத்தில் மண்கட்டி உடைந்து மணல், வண்டல், களி என்று பிரிகிறது. மணலும் சரளையும் ஓடையின் அடியில் உருண்டும் துள்ளியும் போய், நீரின் வேகம் தணிந்த இடத்தில் தங்கிவிடும். களித்துகள் அப்படித் தங்காது. அசையாத நீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்குவதற்கு 0.2 மில்லிமீட்டர் மணலுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, 0.02 மில்லிமீட்டர் வண்டல் துகளுக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும், 0.002 மில்லிமீட்டர் களித்துகளுக்கோ மூன்று நாளுக்கு மேல் வேண்டும். நாம் காசு கொடுத்துப் போட்ட உரத்தின் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மக்கிய எருவின் சாரமும் பெரும்பாலும் இந்த நுண்துகளோடு ஒட்டிக்கொண்டுதான் வெளியேறுகின்றன. ஓடையில் மணல் நின்றிருப்பதைக் காட்டி மண்ணைக் காப்பாற்றிவிட்டோம் என்று மகிழ்வதில் இந்தக் காரணத்தால் பாதி உண்மைதான் இருக்கிறது.

இரண்டாவது, கொள்ளளவு. ஒரு ஹெக்டேர் நிலத்தில், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கரில், ஒரே ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மேல்மண் போனால் அது 10 கன மீட்டர்; எடையில் 12, 13 டன்; லாரிக் கணக்கில் மூன்றரை யூனிட். ஒரு மில்லிமீட்டர் என்பது நெல்மணியின் கனம்கூட இல்லை, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதைத் தேக்கி வைக்க ஓர் இடம் தேவையென்றால், ஒவ்வோர் ஆண்டும் அந்த இடத்தில் மூன்றரை யூனிட் நிறைந்துகொண்டே வரும்.

மூன்றாவது, நிலம் மலையின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பது. இதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. நான் இதையே முதன்மையாகக் கருதுகிறேன். நீலகிரி ஒரே சீரான சரிவு அன்று. உதகை, நஞ்சநாடு, கேத்தி ஆகியவை இருக்கும் மேட்டுநிலத்தில் குன்றுகள் சரிவாக இருந்தாலும், அவற்றுக்கு நடுவே ஓடும் ஓடைகள் பெரும்பாலும் மெதுவாக, அகன்ற பள்ளத்தாக்குகளில் ஓடுகின்றன. வடக்கே மாயாற்றுப் பள்ளத்தை நோக்கியும், தெற்கிலும் கிழக்கிலும் பவானியை நோக்கியும், அந்த மேட்டுநிலம் சட்டென்று முடிந்து செங்குத்தாக விழுகிறது. பைக்காரா, காட்டேரி அருவிகளெல்லாம் இந்த முறிவில் பிறந்தவையே. அருவிக்கு மேலே ஓடை மண்ணைச் சேர்த்து வைக்கிறது. அருவிக்குக் கீழே கிடைத்ததையெல்லாம் இழுத்துக்கொண்டு போகிறது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது புரட்டக்கூடிய கல்லின் எடை அறுபது மடங்குக்கு மேல் கூடும் என்பது ஆற்றியலின் பழைய கணக்கு. ஆகவே கேத்தியில் சரியான தேர்வு, குன்னூரின் கீழ்ச்சரிவிலோ கெத்தை வழியிலோ தவறான தேர்வாகிவிடலாம்.

நான்காவது, கீழே இருக்கும் ஓடைக்கு என்ன ஆகிறது என்பது. ஆற்றுக்கு மணல் வேண்டும். மலைப்பாறை இயல்பாகச் சிதைந்து தரும் மணலும் சரளையும்தான் ஆற்றின் படுகையை அமைக்கின்றன, கரையைத் தாங்குகின்றன, கடைசியில் டெல்டாவைக் கட்டுகின்றன. நாம் நிறுத்த வேண்டியது, உழவால் நாம் கூடுதலாகக் கிளப்பிவிடும் மண்ணை மட்டுமே. இவற்றோடு ஒவ்வொரு முறையின் மறைசெலவையும் சேர்த்துப் பார்க்கலாம்.

படிமட்டமும் கல்வரப்பும்

மண் கிளம்பும் இடத்திலேயே அதை நிறுத்துவது இந்த முறை. நீண்ட சரிவு சிறுசிறு தட்டுகளாக உடைபடுவதால் நீர் வேகம் பிடிப்பதற்குள் நின்றுவிடுகிறது. மணல், களி என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாத் துகளும் நிலத்திலேயே தங்குகின்றன. கொள்ளளவு என்ற சிக்கலும் இதில் இல்லை. கிளம்பாத மண்ணுக்குத் தேக்கிடம் தேவையில்லை அல்லவா? உதகையில் 1954 முதல் இயங்கிவரும் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இந்த மலைக்காகச் செய்த வேலைகளில் படிமட்டத்துக்குப் பெரிய இடம் உண்டு. மழை மிகுந்த இடங்களில் தட்டு வெளிப்பக்கம் சாயாமல், மலையை நோக்கி உட்பக்கம் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். உள்மூலையில் ஒரு சிறு வடிகால் ஓடி, நீரைப் பக்கவாட்டில் கொண்டுபோய்ப் பாதுகாப்பான ஓடையில் சேர்க்க வேண்டும்.

மறைசெலவுகள் இதில்தான் மிகுதி. வெட்டும்போது ஒவ்வொரு தட்டின் உள்பாதியிலும் மேல்மண் போய் அடிமண் வெளியே வருகிறது. நம் மலை மண் அமிலத்தன்மை உடையது. அடிமண்ணில் மக்கு குறைவு, போடும் மணிச்சத்தைப் பயிருக்கு எட்டாதபடி பிடித்து வைத்துக்கொள்ளும் இயல்பும் அதற்கு உண்டு. மேல்மண்ணைத் தனியே ஒதுக்கிவைத்து, வெட்டி முடித்த பிறகு பரப்பினால் இந்த இழப்பைக் குறைக்கலாம். ஆனால் கூலி அந்த அளவுக்குக் கூடும். ஒதுக்காமல் வெட்டிய தோட்டத்தில் முதல் இரண்டு, மூன்று போகத்துக்கு உருளைக்கிழங்கு பட்டை பட்டையாகத்தான் விளையும். தட்டின் உள்பக்கம் நோஞ்சானாகவும் வெளிப்பக்கம் செழிப்பாகவும் நிற்கும்.

அடுத்தது இடம். நான்கு அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவில், ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரு மீட்டர் வெளியே சாயும் மண்சுவர் வைத்தால், நிலத்தில் கால்பங்கு அந்தச் சுவருக்கே போய்விடும். அதே சுவரை அரை மீட்டர் மட்டும் சாய்ந்த கல்வரப்பாகக் கட்டினால் எட்டில் ஒரு பங்குதான் போகும். கல் கிடைக்கும் தோட்டத்தில் கல்வரப்பின் கூடுதல் கூலியை இந்த நில மிச்சம் சில ஆண்டுகளில் ஈடுகட்டிவிடும் என்பது என் கருத்து. இயந்திரம் வைத்து வெட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள், மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் இங்கே மண் அள்ளும் இயந்திரத்தை இறக்க முடியாது என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது. படிமட்டம் மண்ணை நிறுத்தும்போது நீரையும் நிறுத்துகிறது. நம் மலையின் பல பகுதிகளில் பாறைக்கு மேல் ஆழமாகச் சிதைந்த மண் இருக்கிறது. அது நீரை உறிஞ்சிக் கனத்துப் போனால், அரிப்பு நின்ற இடத்தில் மண்சரிவு தொடங்கும். 2009 நவம்பர் மழையில் எங்கள் தோட்டத்திலேயே இதைப் பார்த்தோம். மூன்றாம் தட்டின் வடிகாலில் கோஸ் இலையும் சேறும் அடைத்துக்கொண்டு, தேங்கிய நீர் சுவரைத் தள்ளிவிட்டது. விழுந்த மண் நான்காவதன் மேல் ஏற, அதுவும் போய், விடிவதற்குள் ஏழு தட்டுகள் ஓடையில் இருந்தன. அதுவரை பத்து ஆண்டுகளில் போகாத மண் அந்த ஓர் இரவில் போயிற்று. தட்டுகளில் குறையில்லை. ஒரு மண்வெட்டியால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும் வேலையை நாங்கள் செய்யாமல் விட்டதுதான் குறை.

ஆகவே 16 முதல் 33 சதவீதம் வரை சரிவுள்ள, வடிகாலுக்கு உறுதியான வழி இருக்கிற, மேட்டுநிலத்துத் தோட்டத்துக்குப் படிமட்டமே முதல் தேர்வு. மூன்று அடிக்கு ஓர் அடிக்கு மேல் ஏறும் நிலத்தில், அல்லது ஏற்கெனவே விரிசலோ ஊற்றுக் கசிவோ கண்ட நிலத்தில், புதிதாகப் படிமட்டம் வெட்டக் கூடாது.

புல்வரிசையும் மூடாக்கும்

சரிவை வெட்டாமல், சமமட்டக் கோட்டில், அதாவது ஒரே உயரத்தில் சரிவுக்குக் குறுக்காக ஓடும் கோட்டில், நெருக்கமாகப் புல் நட்டு, வரிசைகளுக்கு இடையே நிலத்தை இலைதழையால் மூடிவைப்பது இந்த முறை. செலவு மிகக் குறைவு. மழைத்துளி மண்ணை நேரடியாக அடிக்காமல் தடுக்கும் ஒரே முறையும் இதுதான். மண் உடைவதே துளி அடிக்கும்போதுதான் என்பதால் இந்தப் பயனைச் சிறிதாக எண்ணக் கூடாது. புல்லின் மேல்பக்கத்தில் ஆண்டுதோறும் மண் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, சில ஆண்டுகளில் வெட்டாமலே ஒரு மென்மையான படி உருவாகிவிடும். மேல்மண்ணைப் புரட்டாததால், படிமட்டத்தில் முதல் போகங்களில் வரும் விளைச்சல் வீழ்ச்சி இதில் வராது.

ஆனால் முதல் மழைக்காலத்தில் இது ஏறத்தாழ ஒன்றும் செய்யாது. நட்ட புல் இடைவெளியில்லாமல் மூட ஓராண்டுக்கு மேல் ஆகும். ஓரிடத்தில் ஒரு முழம் இடைவெளி இருந்தாலும் நீர் முழுவதும் அங்கே திரண்டு வாய்க்கால் வெட்டிவிடும். வெட்டிவேரைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். கீழ்ச்சரிவுகளில் அது நன்றாக வரும். மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் உதகைப் பள்ளத்தாக்குகளில் அது கருகிப் பின்தங்கும். தேயிலைத் தோட்டங்களில் நிலத்தைத் தேற்றுவதற்கு நெடுங்காலமாகப் பயன்படும் கவுதமாலா புல், மாட்டுக்குத் தீவனமாகக்கூடிய மற்ற புல் வகைகள் என்று இடத்துக்கேற்பத் தேர்வு செய்வது நல்லது. புல்லை அறுத்து விலக்குவதற்கும் ஆள் வேண்டும். அறுக்காத புல் பாத்திக்குள் இறங்கும்.

கிழங்குப் பயிருக்கு இது மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உருளையும் கேரட்டும் பிடுங்கும்போது நிலம் முழுவதும் புரண்டு, திறந்து கிடக்கும். சரிவின் போக்கிலேயே பாத்தி பிடிப்பது தவறு என்று சொல்வது எளிது. நீர் தேங்கிக் கிழங்கு அழுகிவிடும் என்ற அச்சத்தால் அப்படிச் செய்கிறவர்களின் காரணத்தையும் மதிக்க வேண்டும். சமமட்டத்துக்கு மிக மெல்லிய சாய்வு கொடுத்துப் பாத்தி பிடித்தால் நீரும் வடியும், மண்ணும் நிற்கும். கேரட்டைக் கழுவும் நீரோடு போகும் மண்ணையும் மறக்க வேண்டாம். தோட்டத்தில் ஓர் ஆண்டு காத்த நுண்மண் கழுவுமிடத்திலிருந்து நேராக ஓடையில் இறங்குகிறது. அங்கே ஒரு சிறு படிவுக்குழி வெட்டுவது எந்த முறையோடும் சேரக்கூடிய, செலவு குறைந்த வேலை.

முழுதும் கவிந்த தேயிலை, மிகச் செங்குத்தான நிலம், மண்சரிவு அபாயம் கண்ட இடம், ஓடைக்கரையின் கடைசி சில மீட்டர்கள் ஆகியவற்றுக்கு இந்த முறைதான் பொருந்தும். குத்தகை நிலத்தில் பயிர் செய்பவர்களுக்கும் இதுவே சரி. இரண்டு ஆண்டுக் குத்தகைக்குப் படிமட்டம் வெட்ட யாரும் முன்வர மாட்டார்கள்.

ஓடையில் தடுப்பணை

மனுக்களில் அதிகம் கேட்கப்படுவது இதுதான். கண்ணுக்குத் தெரியும், கல்வெட்டு வைக்கலாம், நீரும் தேங்கும். ஆனால் மண்ணைத் தேக்கும் பெட்டி என்று பார்த்தால் இதன் கணக்கு மிகவும் ஏமாற்றமானது. பத்து சதவீதம் சரிந்த, மூன்று மீட்டர் அகல ஓடையில் ஒரு மீட்டர் உயரத் தடுப்பணை கட்டுவதாகக் கொள்வோம். படியும் மண்ணின் மேற்பரப்பு படுகைச் சரிவில் பாதியளவு சாய்ந்திருக்கும் என்று வைத்தால், மண் இருபது மீட்டர் தூரத்துக்குப் பின்னோக்கிப் படிந்து, மொத்தம் 30 கன மீட்டர் தேங்கும். ஒரு ஹெக்டேர் தோட்டம் ஆண்டுக்கு மூன்று மில்லிமீட்டர் மண்ணை இழந்தால் அதுவும் 30 கன மீட்டர்தான். அதாவது மேலே ஒரே ஒரு தோட்டம் பாதுகாப்பின்றிக் கிடந்தால், அதன் மண் முழுவதையும் பிடித்து வைக்க ஆண்டுக்கு ஒரு தடுப்பணை வேண்டும். அதுவும் மணலை மட்டும்தான் பிடிக்கும். வெள்ளத்தில் நீர் அங்கே நிற்பது சில நிமிடங்கள், களிக்கு வேண்டியதோ மூன்று நாள்.

அப்படியானால் தடுப்பணையே வேண்டாமா? வேண்டும், வேறொரு காரணத்துக்காக. நிறைந்துபோன தடுப்பணையைப் பார்த்து வேலை வீணாகிவிட்டது என்று சொல்பவர்கள் அதன் பயனைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள். அது நிறையும்போது ஓடையின் படுகை உயர்கிறது, சரிவு குறைகிறது, நீர் படுகையைத் தோண்டுவது நிற்கிறது. படுகை தோண்டப்படாததால் இரு கரைகளின் அடிப்பகுதி தாங்கப்படுகிறது. கரைக்கு மேலுள்ள நிலமும் நிற்கிறது. மலையோடைகள் தலைப்பக்கமாகப் பின்னோக்கி அரித்து, தோட்டத்துக்குள் விரல்போல ஏறும் வழக்கம் உடையவை. ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பரப்பு விரிவதும் பெரும்பாலும் இந்தப் பின்னரிப்பால்தான். அப்படி ஏறும் பள்ளத்தின் தலையை நிறுத்துவதற்குத் தடுப்பணையைவிடச் சிறந்தது இல்லை. அதற்கு ஒற்றைப் பெரிய சுவர் பயன்படாது. சிறியவற்றை வரிசையாக, மேலுள்ளதன் அடிமட்டமும் கீழுள்ளதன் உச்சிமட்டமும் ஒன்றாக இருக்கும்படி, படிக்கட்டுபோல அமைக்க வேண்டும். கம்பிவலையில் கல் அடுக்கிய தடுப்பு, நிலம் சற்று அசைந்தாலும் வளைந்து கொடுக்கும். கற்காரைச் சுவர் விரிசல் விடும்.

இதன் மறைசெலவு கட்டியவரின் வரப்பைத் தாண்டித்தான் விழுகிறது. மணலை இழந்த நீர் தெளிவாகவும் பசியாகவும் கீழே இறங்குகிறது; அடுத்த வளைவில் இருப்பவரின் கரையைத் தின்கிறது. சுவரின் இரு முனைகளையும் கரைக்குள் ஆழமாகச் செருகாவிட்டால், நீர் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு கரையைப் பிய்த்துவிடும். கீழே விழும் நீருக்குக் கல்மெத்தை போடாவிட்டால் சுவரின் காலடியே தோண்டப்படும். கீழ்த்தோட்டக்காரரிடம் பேசாமல் தடுப்பணைக்கு மனு எழுதுவது நியாயமல்ல.

மேட்டுநிலத்தில் இருப்பவர்களிடம் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கும் சதுப்புதான் இந்த மலையின் பழைய தடுப்பணை. அகன்று, மெதுவாக, புல்லுக்கு நடுவே நீர் ஊர்வதால், எந்தக் கற்சுவரும் பிடிக்க முடியாத களியைக்கூட அது பிடித்து வைக்கிறது. அதன் நடுவே வாய்க்கால் வெட்டி வடித்துக் கேரட் போட்டுவிட்டு, அதற்குக் கீழே தடுப்பணை கேட்பது, இருந்ததை இழந்துவிட்டு அதில் ஒரு துண்டைத் திரும்ப வாங்குவதாகும். சதுப்பு மிச்சமிருக்கும் ஊரில் அதைத் தொடாமல் விடுவதே முதல் வேலை.

அணையில் தூர்வாருதல்

பவானிசாகர் அணையின் நீர்மட்டச் செய்தியைப் படிப்பவர்களுக்கு ஒரு வரி பழகிப்போயிருக்கும்: மொத்தம் 120 அடி, சகதி 15 அடி நீங்கலாக 105 அடி. மாயாறும் பவானியும் இந்த மலையிலிருந்து இறக்கிய மண்ணுக்கு அந்த அணை ஒதுக்கிய இடம்தான் அந்த 15 அடி. அவலாஞ்சி, எமரால்டு பக்கத்து நீர் குந்தா, கெத்தை வழியாக இறங்கும் பில்லூர் அணையும் சேற்றால் நெருக்கப்படுகிறது; கோவையின் குடிநீரில் ஒரு பெரும்பங்கு அங்கிருந்துதான் போகிறது. மின்நிலையங்களில் நுண்மணல் சுழலியின் (டர்பைன்) தகடுகளைத் தேய்க்கிறது. ஆகவே தூர்வாருதல் தேவையற்றது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அதை மற்ற மூன்றுக்கும் மாற்றாக வைத்துப் பார்த்தால் அது தோற்கிறது. தோட்டத்தில் ஒரு யூனிட் மண்ணை நிறுத்தப் புல் போதும். அதே யூனிட்டை நீருக்கடியிலிருந்து அள்ளி, சுமந்து, கொட்ட வேண்டுமானால் இயந்திரமும் எரிபொருளும் இடமும் வேண்டும். கோடையில் நீர் இறங்கும் சில வாரங்களே வேலை நடக்கும். மலையணையில் அள்ளியதைக் கொட்டச் சமநிலம் கிடைக்காது; சரிவில் குவித்தால் அடுத்த மழையில் திரும்பி வந்துவிடும். சமவெளி ஏரி வண்டலை வயலுக்கு எடுத்துச் செல்ல வழியிருக்கிறது. காட்டுக்கு நடுவேயுள்ள அணைக்கு அந்த வசதி இல்லை. தோட்டத்துக்கு இதனால் ஒரு பிடி மண்கூடத் திரும்பி வராது.

இனி மேலிருந்து எதுவுமே வராமல் தடுத்துவிட்டாலும் ஏற்கெனவே படிந்தது தானாகப் போகாது என்பதால், குடிநீரும் மின்சாரமும் உடனடியாகப் பாதிக்கப்படும் இடத்தில் தூர்வாருவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த முடிவு அணையை நடத்துபவர்களுடையது.

எந்த நிலத்துக்கு எது முதலில்

சொந்த நிலம், மிதமான சரிவு, மேட்டுநிலம், வடிகாலுக்கு வழி உண்டு என்றால் படிமட்டத்துக்குச் செலவிடுங்கள். பணம் பாதிதான் இருக்கிறதென்றால் மேல்பாதியை மட்டும் வெட்டி, கீழ்ப்பாதியில் புல்வரிசை வையுங்கள். மேலிருந்து வரும் நீரை ஒழுங்கு செய்யாமல் கீழே வெட்டுவது பயன்தராது. குன்னூர், கோத்தகிரி, குந்தா ஆகியவற்றின் செங்குத்தான ஓரங்களில் நீரைத் தேக்கும் எந்த வேலையையும் தவிர்த்து, மூடாக்கும் புல்லும் ஆழவேர் மரங்களும் வைத்து, உபரி நீரை விரைவாக வெளியேற்றுங்கள். ஓடை தோட்டத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தால், மற்ற எதற்கும் முன்பாக அந்தப் பள்ளத்தின் தலையில் சிறு தடுப்புகளை வரிசையாகப் போட வேண்டும். அதை விட்டுவிட்டு வெட்டும் படிமட்டத்தை அந்தப் பள்ளமே ஒரு நாள் விழுங்கிவிடும்.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. அத்தகைய மழையை இந்த நான்கில் எதுவும் தனியாகத் தாங்காது. அப்படிப்பட்ட நாளில் எந்தத் தோட்டம் எவ்வளவு இழக்கும் என்பது, அதற்கு முந்தைய வாரம் வடிகால்கள் எந்த நிலையில் இருந்தன என்பதைப் பெரிதும் பொறுத்தது. எந்த முறையைத் தேர்ந்தாலும் அதற்கான பணத்தில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் வடிகால் தூர்வாரும் கூலிக்கென்று தனியே எடுத்து வையுங்கள். தென்மேற்குப் பருவமழை பெய்யும் மேற்குப் பகுதியில் அந்த வேலை வைகாசிக்குள்ளும், வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் புரட்டாசிக்குள்ளும் முடிந்திருக்க வேண்டும்.